தொட்ட கை

ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையையே பெற்றுப் பெயர் வைத்திருக்கலாம், ஓர் இடுப்பு எலும்பை மாற்றுவதற்கு அத்தனை நாள் காக்க வைத்துவிட்டார்களே என்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி புளோரா டீச்சர் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், என்னைப் பற்றித்தானே பேசுகிறாய் என்று கேட்பதுபோல் வலது இடுப்பு சுருக்கென்று குத்தியது. குத்து தொடை வழியாக முழங்கால்வரை இறங்கி, அங்கே சற்று நின்றுவிட்டு அணைந்தது. மயக்க மருந்து டாக்டரின் அறைக்கு வெளியே நீளமான வராந்தா. வெளியே பாளையங்கோட்டையில் காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருக்க, உள்ளே ஏசியை வேறு போட்டு வைத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் குளிர் என்றால் அவ்வளவு ஏக்கம். பக்கத்தில் மகள் ஷெர்லின், ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு, புனேயில் இருக்கும் தன் ஆபீஸுக்குப் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். பாவம், இரண்டாம் தடவையாக லீவு போட்டு வந்திருக்கிறாள். போன தடவை இதே ஆபரேஷனுக்காக டிக்கெட் எடுத்து வைத்திருந்தபோதுதான், ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலத்தில் ஒரு காலையில், புளோராவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. இடுப்புக்கு வர வேண்டியவள் பக்கவாதத்துக்கு வந்து சேர்ந்தாள். இடுப்பு கிடக்கட்டும், இப்போதைக்கு அதைத் தொடவே கூடாது என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். மூளையில் அடைப்பு வந்து போன இடம் புதுசாகப் பூசிய சிமெண்ட் மாதிரி, நன்றாகக் காய வேண்டும், மயக்கத்தில் பிரஷர் கொஞ்சம் இறங்கினாலும் அந்த இடம் தாங்காது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் ஆபரேஷனுக்காக நிறுத்த வேண்டியிருக்கும், ஒன்பது மாதம் போகட்டும் டீச்சர், உயிருக்கு ஆபத்தில்லாத ஆபரேஷன்தானே, காத்திருக்கலாம் என்றார். காத்திருக்கலாம்தான். அவருடைய இடுப்பா குத்துகிறது. ஒன்பது மாதமும் போயிற்று. இன்றைக்கு இந்த டாக்டர் பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வியாழக்கிழமை ஆபரேஷன்.

சொல்லிவிடுவார். ஏன் சொல்லமாட்டார். நேற்று இருதயத்தைப் பார்த்தவர் நன்றாக இருக்கிறது என்றார், சர்க்கரையும் அடங்கித்தான் இருக்கிறது. கை மட்டும்தான். புளோரா மடியைப் பார்த்தாள். இடது கை சேலை முந்தானைக்கு அடியில் பதுங்கிக் கிடந்தது, வகுப்பில் கேள்வி கேட்கும்போது முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளையைப் போல. தான்தான் அதை அங்கே வைத்தோம் என்பதைக்கூட அவள் இப்போதுதான் கவனித்தாள். இந்தக் கையால் பட்ட வேடிக்கை கொஞ்சமா. வலது இடுப்பு நோகிறவர்கள் கம்பை இடது கையில்தான் ஊன்ற வேண்டுமாம், எலும்பு டாக்டர் முதல் நாளே நடந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்த இடது கையைப் பார்த்துத்தானா பக்கவாதம் வந்து பிடிக்க வேண்டும். கர்த்தருக்கும் சில நாள் வேலை அதிகமாகி, யாருக்கு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கொடுத்துவிடுகிறார் போலிருக்கிறது. பிறகு பிசியோதெரபிக்கு ஒரு பெண் வீட்டுக்கே வந்து, மஞ்சள் பந்தை அமுக்கச் சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லி, கையை ஓரளவு மீட்டுக் கொடுத்தாள். வாக்கரைப் பிடிக்கிறது, சேப்டி பின் குத்துகிறது, டம்ளரைப் பிடிக்கிறது. டம்ளர். அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்று தள்ளிவிட்டால் அது சுற்றி வந்து அடுத்த வாசலில் நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஷெர்லின் குளித்துக்கொண்டிருந்தாள், பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, புளோரா அடுக்களை மேடையோரம் நின்று காபி டம்ளரை எடுத்தாள், கையில் டம்ளர் இருந்தது, பிறகு இல்லை. நழுவியது என்றுகூடச் சொல்ல முடியாது. நழுவினால் தெரியும். கை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போய், காபி காலில் கொட்டிய சூட்டில்தான் டம்ளர் விழுந்ததே தெரிந்தது. அம்மாடி என்று சொல்லப் பார்த்தாள். நாக்கு தடித்துப்போய் வாய்க்குள் புரண்டது, சொல் வரவில்லை. எவ்வளவு நேரம் இருக்கும், ஒரு பாட்டின் இரண்டு சரணம் பாடுகிற நேரம் இருக்கலாம். பிறகு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கை வந்தது, நாக்கு வந்தது, தன் பெயரையும் இயேசுவின் பெயரையும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குனிய முடியாத இடுப்பை வைத்துக்கொண்டு, துணியைத் தரையில் போட்டு வாக்கர் காலால் தள்ளித் தள்ளிக் காபியைத் துடைத்தாள். ஷெர்லின் தலையில் துண்டோடு வந்து, "என்னம்மா சத்தம்?" என்றாள். "டம்ளர் வழுக்கிட்டு" என்றாள் புளோரா.

பொய்யா அது. டம்ளர் விழுந்தது நிஜம்தானே. வயசானவர்கள் கையிலிருந்து டம்ளர் விழுவதில்லையா. சின்னப் பிள்ளைகள் கையிலிருந்தே விழுகிறது. ஆனால் புளோராவின் கையிலிருந்து எதுவும் விழுந்ததில்லை, அதுதான் சங்கடம். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக ஆவதற்கு வெகுகாலம் முன்பே, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வளையப்பந்து ஆடிய காலத்திலிருந்தே அந்தக் கை பேர்போன கை. சிவப்பு ரப்பர் வளையம் வலைக்கு மேலே மிதந்து வரும், ஆடாமல் குலுங்காமல், தட்டு சுற்றுகிற மாதிரி. ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும், பிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது, பிடித்த அதே கையால் அப்போதே எறிந்துவிட வேண்டும். வலப்பக்கம் வந்தால் வலது கை, இடப்பக்கம் வந்தால் இடது கை. மற்றப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வலது கையையே நீட்டிக்கொண்டு குறுக்கே பாய்வார்கள், புளோராவுக்கு மட்டும் இடதும் வலதும் ஒன்று. அவளுக்குப் பக்கத்தில் எப்சி. எப்சிபா என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை வாழ்நாளில் யாரும் முழுதாகக் கூப்பிட்டதில்லை. குட்டையாக, உருண்டையாக, ஓடவே மாட்டாள் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வளையம் விழுகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டிருப்பாள். இரட்டையர் ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே வளையம் வந்தால் யார் எடுப்பது என்று மற்ற ஜோடிகள் கத்திக்கொள்வார்கள். இவர்கள் கத்தியதே இல்லை. எப்சி மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் அது அவளுடையது, கேட்காவிட்டால் புளோராவுடையது. மைதானத்து ஓரத்தில் தூங்குமூஞ்சி மரங்கள், சாயங்காலம் மழை வந்து நின்றபின் செம்மண்ணிலிருந்து கிளம்பும் வாசனை, வலைக்கயிற்றின் ஈரம், முழங்காலில் ஒட்டிய மண் காய்ந்து உதிர்வது, விடுதி மணி அடித்த பிறகும் இன்னும் ஒரே ஒரு கேம் மிஸ் என்று கெஞ்சுவது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். அதைச் சந்தோஷம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. இந்த இடுப்பு அப்போதும் இதே இடுப்புதான், ஒருநாளாவது அது இருப்பதாக நினைத்ததுண்டா.

"எம்மா, குளிருதா? சால்வைய எடுக்கட்டா?" என்றாள் ஷெர்லின். வேண்டாம் என்று தலையாட்டினாள். உள்ளே போன ஆள் இன்னும் வெளியே வரவில்லை. கதவில் ஒட்டியிருந்த தாளில் ஒரு முனை பிரிந்து ஏசிக் காற்றில் படபடத்தது. எப்சிக்காவது சொல்லியிருக்கலாம். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல நாசரேத்திலிருந்து போன் பண்ணினாள். அவளுக்கு இரண்டு முழங்கால் முட்டும் மாற்றியாகிவிட்டது. "ஏட்டி புளோரா, உனக்கு இடுப்பு போச்சு, எனக்கு முட்டு போச்சு. ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு ஆளு தேறும்லா" என்று சிரித்தாள். பிறகு, "கை எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டாள். அவள் ஒவ்வொரு வாரமும் கேட்பதுதான். "நல்லா இருக்குட்டி, ஒரு கொறையும் இல்ல" என்றாள் புளோரா. போனில் எப்சி மூச்சை இழுத்தாளா இல்லையா என்று புளோராவுக்குக் கேட்கவில்லை. பிறகு, "அப்போ ஈஸ்டருக்கு நீயே நடந்து போய் வாங்குவே" என்றாள் எப்சி. புளோராவின் அந்த ஆசை அவளுக்குத் தெரியும். மற்றவர்களிடம் சொன்னால் இதற்குப் போயா என்பார்கள். வேறு எதற்கும் புளோரா இந்த இடுப்பைக் கேட்கவில்லை. திருவிருந்து ஆராதனை நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் வரிசையாக அல்தார் பீடத்துக்குப் போய் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் திரும்புவார்கள். இவளுக்கு மட்டும் சபை குருவான ஐயரே தட்டைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கு இறங்கி வருகிறார். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. இவள் பயிற்சி கொடுத்து ஓடவைத்த பிள்ளைகள் இப்போது கிழவிகளாகி, பாட்டுப் புஸ்தகத்துக்கு மேலாக இரக்கத்தோடு பார்க்கிறார்கள். அந்த இரக்கம் தொண்டையில் அப்பத்தைவிடப் பெரிதாக நிற்கிறது. முழங்கால் போட முடியாவிட்டால் போகிறது, நடந்து போய் அல்தாருக்கு முன்னாலிருக்கும் கம்பி அழியைப் பிடித்துக்கொண்டு நின்று வாங்கினால் போதும். ஒரே ஒரு தடவை. அதற்குள் இன்னும் ஒன்பது மாதம் என்று சொல்லிவிட்டால் அந்த ஈஸ்டர் போய்விடும். ஷெர்லினுக்கு மூன்றாம் தடவை யார் லீவு கொடுப்பார்கள். அதுவரை இடுப்புதான் சும்மா இருக்குமா, நானாவது இருப்பேனா.

சொல்லாவிட்டால் மட்டும் இருப்பாயா என்று உள்ளே ஒன்று கேட்டது. அது நரம்பு டாக்டரின் குரலில் கேட்கவில்லை, அவருக்கு இவ்வளவு வெடுக்கென்று பேச வராது. ஆபரேஷன் மேஜையில் படுக்க வைப்பார்கள். முதுகில் ஊசி போடுவார்களோ, முகமூடி வைப்பார்களோ. பிரஷர் இறங்கும். சிமெண்ட் காயாத இடம். காய்ந்துவிட்டதென்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அது ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி நனைந்தது என்பது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். புது இடுப்பு ஜோராகப் பொருத்தியாகிவிடும், அதன்மேல் நடக்கிறவள்தான் இருக்கமாட்டாள். அல்லது இருப்பாள், அதுதான் அதைவிட மோசம். லெந்து காலத்துக் காலை நினைவுக்கு வந்தது. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெங்காயம் இடது கையில் இருக்கிறது, அதைப் பார்க்கிறாள், அது யாருடைய கை என்று தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரி வந்து பேசியது எல்லாம் புரிகிறது, பதில் தயாராக இருக்கிறது, வாயைத் திறந்தால் எச்சில் ஒழுகுகிறது. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் ஷெர்லின் ஸ்பூனால் கஞ்சி ஊட்டிவிட்டு, வாயோரத்தைத் துடைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தாள். எனக்கு எல்லாம் தெரிந்தது மகளே, சொல்லத்தான் முடியவில்லை. அப்படியே காலம் முழுக்கக் கிடந்தால்? அப்போது அப்பம் பெஞ்சுக்கு அல்ல, கட்டிலுக்கு வரும். ஆனால் கொஞ்ச நேரம்தானே, இரண்டு சரணம்தானே, எல்லாம் திரும்பி வந்துவிட்டதே. யாரும் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை என்ற இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவள் தேடினாள். தேடத் தேவையிருக்கவில்லை, அவளே சொன்ன வார்த்தை அது. தூத்துக்குடியிலிருந்து வருகிற பஸ்ஸில் சொன்னாள்.

மாவட்ட இறுதி ஆட்டம். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானம், கடல் காற்று அடித்து வளையத்தைப் பாதி வழியில் திருப்பிவிடும். இவர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோட்டுக்கு ஆள் நிறுத்துகிற வசதியெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது, நடுவர் ஒருத்தர் விசிலோடு நிற்பார், அவ்வளவுதான். வளையம் மற்றக் கையிலோ உடம்பிலோ பட்டுவிட்டால் ஃபவுல், அதை நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஆடுகிறவளே கையைத் தூக்கிவிட வேண்டும். எந்தக் கை தொட்டதோ அந்தக் கை. நடுவர் பார்க்கிறவரை இறக்கக் கூடாது. அப்போது டிரில் டீச்சராக இருந்த தேவகிருபை மிஸ் ஏற்படுத்திய வழக்கம், பின்னால் புளோராவும் டிரில் டீச்சராகி ஓய்வு பெறுகிறவரை அதையே நடத்தினாள். மற்றப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் இவர்களைப் பைத்தியம் என்பார்கள். அன்றைக்குக் கடைசி செட், கடைசிப் புள்ளி, இரண்டு பக்கமும் சமம். எதிராளி எறிந்த வளையம் காற்றில் திரும்பி இருவருக்கும் நடுவே வந்தது. எப்சி மூச்சை இழுத்தாள். புளோரா விட்டுக்கொடுத்தாள். எப்சி வலது கையால் பிடித்து எறிந்தாள், வளையம் அந்தப் பக்கத்து மூலையில் போய்ப் பொத்தென்று விழுந்தது, யாரும் தொடவில்லை. ஜெயித்துவிட்டார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார், பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள், புளோரா திரும்பிப் பார்த்தாள். எப்சி இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சுண்டுவிரல் நுனியில் பட்டதாம். சுண்டுவிரல் நுனி! கோப்பை அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் புளோரா ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எப்சி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து, தான் ஒன்று எடுத்துக்கொண்டு, பொட்டலத்தை இவள் மடியில் வைத்தாள். வாகைக்குளம் தாண்டிய பிறகு புளோரா கேட்டாள், "யாருமே பாக்கலையேட்டி. என்னத்துக்கு தூக்குன?" எப்சி உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கே புரியாத மாதிரி தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் தூக்கலட்டி. அதுவா போயிட்டு" என்றாள். மக்ரூன் தூள் அவள் உதட்டில் ஒட்டியிருந்தது. புளோராவுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்த இனிப்பு இப்போதும் நாக்கில் இருந்தது.

"புளோரா அம்மா, உள்ள வாங்க" என்று நர்ஸ் கதவைத் திறந்தாள். ஷெர்லின் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளினாள். வாசல் சட்டத்தில் சக்கரம் ஏறி இறங்கியபோது இடுப்பு முறையிட்டது, பொறு, உன் விஷயமாகத்தான் போகிறோம் என்றாள் புளோரா அதனிடம். மயக்க மருந்து டாக்டர் சின்ன வயசுக்காரர், தலைமுடி கலைந்து, சாப்பிட நேரமில்லாத முகம். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மாத்திரைகளைக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், வாயைப் பெரிதாகத் திறக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஷெர்லின் முந்திக்கொண்டு பதில் சொன்னாள், நல்ல பிள்ளை, எல்லாம் மனப்பாடம். "நல்லா ரெகவர் ஆகியிருக்காங்க" என்றார் டாக்டர். "வியாழக்கிழமை வச்சுக்கலாம்னு எலும்பு டாக்டர் சொல்லிருக்கார். எனக்கும் சரிதான்." புளோராவுக்குக் கம்பி அழி தெரிந்தது, பித்தளை தேய்ந்து வழவழப்பான அதன் குளிர்ச்சி உள்ளங்கையில் பட்டது. டாக்டர் பேனாவை எடுத்து, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே வழக்கமான குரலில் கேட்டார். "அந்த ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வேற எதாவது? கை மரத்துப் போறது, வாய் குழறுறது, ஒரு நிமிஷம் வந்து போனாக்கூட?"

"இல்ல டாக்டர், ஒண்ணும் இல்ல. வந்ததுல இருந்து நான் கூடயேதான் இருக்கேன்" என்றாள் ஷெர்லின். அவள் சொன்னது சத்தியம், அவளுக்குத் தெரிந்தவரை. வியாழக்கிழமை. நடந்து போகலாம். நின்று வாங்கலாம். சொல்லாமலிருக்க எதுவுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். புளோரா சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்கு அடியில் ஏதோ அசைந்தது. இடது கை மடியை விட்டுக் கிளம்பி, சேலை நழுவ, மெதுவாக மேலே வந்தது. மார்பு உயரத்தில் நடுங்கி நின்றது, விழுந்துவிடும் போலிருந்தது, பிறகு தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, விரல்கள் பாதி மடங்கியபடியே ஏறிப் போனது. பிசியோதெரபிப் பெண் எத்தனை கெஞ்சியும் அது அவ்வளவு உயரம் போனதில்லை. ஷெர்லின்தான் முதலில் பார்த்தாள். "பாருங்க டாக்டர், எவ்வளவு நல்லா தூக்குறாங்க" என்றாள் சந்தோஷமாக. டாக்டர் குனிந்தபடியே, "வெரி குட்மா, இறக்கிக்கோங்க" என்றார். புளோரா இறக்கவில்லை. தோள் வலித்தது, கை கிடுகிடுவென்று ஆடியது, கண்ணில் நீர் முட்டியது, ஈஸ்டர் அந்த நீருக்குப் பின்னால் கலங்கித் தெரிந்தது. "எம்மா, போதும், கைய எறக்கு" என்று ஷெர்லின் தொடப் போனாள். "பொறுட்டி. அவரு இன்னும் பாக்கல" என்றாள் புளோரா. பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்து முதலில் கையையும், பிறகு அவள் முகத்தையும் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை" என்றாள் அவள், "டம்ளர் வழுக்கல." பிறகுதான் கையை இறக்கினாள்.